கால் நீட்ட ஒன்பது அங்குலம்

உறங்குகிறவனுக்கு உலகத்தில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு நம் பெரியோர் ஒரு கணக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். திருக்கோவலூரில் மழை கொட்டிய ஓர் இரவில், ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் வந்து ஒதுங்கினார். அந்த இடம் ஒருவர் படுப்பதற்குப் போதுமாயிருந்தது. பின்னர் பூதத்தாழ்வார் வந்து சேர, இருவரும் எழுந்து அமர்ந்தார்கள். அதன்பின் பேயாழ்வாரும் வந்து சேர, மூவரும் நின்றார்கள். நின்ற நிலையிலே பிறந்த திருவந்தாதிகள் நமக்குப் பெறற்கரிய பேறுதான். ஆனால் அது ஓர் இரவு நிகழ்ச்சி. இடைகழியினும் சற்றே பெரியதான ஓர் அறையில் ஒரு குடும்பம் முழுவதும் ஆண்டாண்டாய்ப் படுத்து எழவேண்டுமானால், அங்கே யார் கால் நீட்டுவது, யார் மடக்குவது என்பது அன்றாடப் பிரச்சினையாகிவிடுகிறது.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கொழுந்து பறிக்கும் தொழிலாளி அவர். மூத்த மகனுக்கு வயது 17. உயர்தர வகுப்பில் படிக்கிறான். உயரம் 5 அடி 10 அங்குலம். அவன் படுக்கும் கட்டில் அவனுடைய தாத்தாவுக்காகத் தோட்டத்துத் தச்சர் ஒருவர் செய்து கொடுத்தது. தாத்தா சிறுகூடான மனிதர். கட்டிலும் அதற்குத் தக்கதாகவே அமைந்தது. இப்போது பேரன் இரவு முழுவதும் முழங்காலை மடக்கியபடியே படுத்திருக்கிறான். தூக்கத்தில் தன்னை அறியாமல் காலை நீட்டினால் கால்மாட்டுப் பலகையில் பாதம் இடிக்கிறது, விழித்துக்கொள்கிறான். "நான் தரையில் படுத்துக்கொள்கிறேன், அம்மா" என்கிறானாம். சீமெந்துத் தரையின் குளிரை எண்ணித் தாய்க்கு மனம் வரவில்லை. புதிய கட்டில் வாங்கலாமென்றால் பணம் ஒரு தடை. தாத்தாவின் கட்டிலை வெளியே போடுவதா என்று கண்கலங்கும் பாட்டி மற்றொரு தடை. இரண்டையும் விடப் பெரிய தடை, நீளமான கட்டில் ஒன்றை வைப்பதற்குக் காம்பராவில் இடமே இல்லை என்பது. "மகளுடைய மேசையை எடுத்து இஸ்தோப்பில் போட்டுவிட்டால் இடம் கிடைக்கும் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். அப்படிச் செய்யலாமா?" என்று கேட்டு, அறையின் அளவுகளையும் ஒரு கொப்பித் தாளில் வரைந்து அனுப்பியிருக்கிறார். வரைந்தது அந்த மகளாகத்தான் இருக்கவேண்டும். கோடுகள் அவ்வளவு நேர்த்தி!

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேசையை வெளியே போடவேண்டாம். அந்தப் பெண் அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறாள் என்று கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. அதுவே முதல் வரியில் இருந்திருக்கவேண்டியது. அக்கரப்பத்தனை ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ள ஊர். ஹோட்டன் சமவெளியிலிருந்து இறங்கிவரும் காற்றுக்கும் மழைச்சாரலுக்கும் நடுவே, பாதி திறந்த இஸ்தோப்பில் ஒரு பிள்ளை இரவு 9 மணிக்குப் புத்தகத்தை விரித்து உட்கார முடியுமா? வீட்டில் இடநெருக்கடி வந்ததும் பெண்பிள்ளையின் பொருளில் முதலில் கைவைப்பது நம் குடும்பங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். அதைத் தவிர்த்து, அண்ணனுக்கு வேண்டிய நீளத்தை வேறெங்கே தேடுவது என்பதுதான் இன்றைய நம் ஆராய்ச்சி.

அறையின் வரலாற்றைச் சற்றே அறிந்துகொண்டால் கட்டிலின் சங்கடம் விளங்கும். மலைநாட்டில் கோப்பி கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. காலப்போக்கில் கோப்பி மறைந்து மலையெல்லாம் தேயிலையாயிற்று. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களைக் குடிவைக்க எழுந்தவையே லயங்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றும் 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. சில லயங்களில் இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். அங்கே பின்பக்கம் சன்னல் வைப்பதற்கும் வழியில்லை. கட்டியவர்கள் எத்தனை தலை என்பதைத்தான் எண்ணினார்கள். எத்தனை கால், அவை எவ்வளவு நீளம் என்பதை யாரும் அளக்கவில்லை.

அன்றைக்கு அந்த அறையில் கட்டிலுக்கே இடம் நினைக்கப்படவில்லை. பாய்தான் படுக்கை. பாயிடம் ஓர் அருமையான குணம் உண்டு: பொழுது விடிந்ததும் சுருண்டு மூலையில் நின்றுவிடும். கட்டில் அப்படி மறைவதில்லை. கட்டிலுக்குப் பின் அலுமாரி வந்தது, தொலைக்காட்சிப் பெட்டி வந்தது, பிள்ளைகளின் படிப்பு வந்தது, படிப்போடு மேசை வந்தது. காம்பரா மட்டும் அதே 120 சதுர அடி.

இனி அளவுக்கு வருவோம். வீட்டில் யாராயினும் கட்டில் செய்வதற்கு முன் இதை மனத்தில் கொள்ளவேண்டும். நிற்கும்போது உள்ள உயரம் வேறு. படுக்கும்போது வேண்டிய நீளம் வேறு. மல்லாந்து படுத்தால் பாதம் தளர்ந்து முன்புறம் சாய்கிறது. குப்புறப் படுத்தால் விரல்கள் பின்னோக்கி நீளுகின்றன. தலைப்பக்கமும் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஆகவே உயரத்தோடு குறைந்தது 6 அங்குலம், கூடுமானால் 8 அங்குலம் கூட்டிக்கொள்வது நல்லது. நம் மாணவன் 70 அங்குலம். அவனுக்கு உட்புற நீளம் 77 அங்குலம் இருந்தால் தாராளம். இந்த வயதில் இன்னும் ஓர் அங்குலம் வளர்ந்தாலும் குறையிராது. தாத்தாவின் கட்டில் வெளியளவில் 70. தலைமாட்டுப் பலகையும் கால்மாட்டுப் பலகையும் அங்குலத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டால் உள்ளே மிஞ்சுவது 68. குறை 9 அங்குலம்.

ஒன்பது அங்குலம் ஒரு பெரிய காரியமா என்று சமவெளியில் வசதியான வீட்டில் இருப்பவர் கேட்கலாம். கடிதத்திலுள்ள படத்தைப் பார்க்கட்டும். கட்டில் கிடப்பது 12 அடிச் சுவரை ஒட்டி. அதாவது 144 அங்குலம். அதில் ஒரு கோடியில் கதவுக்கு 36 போயிற்று. மிச்சம் 108. தலைமாட்டில் ஈரச் சுவரில் படாதிருக்க விட்ட இடைவெளி 2. கட்டில் 70. அதன் காலடியில் மகளின் மேசை 36. கூட்டிப் பாருங்கள், சரியாக 108. ஓர் அங்குலம்கூட மிச்சமில்லை. கட்டிலைக் குறுக்கே திருப்பிப் போட்டால் அடுப்படிக்குப் போகும் வழி அடைபடுகிறது. அதற்கு நாம் ஒருபோதும் சம்மதியோம். ஒரே கூரையின் கீழ் உள்ள லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பற்றினால் வரிசை முழுவதும் பரவக்கூடும். நடுஇரவில் கிழவியும் குழந்தையும் இருட்டில் தடவி வெளியேற 2 அடி அகல வழியாவது தடையின்றி இருக்கவேண்டும்.

சுவரைக் குடைந்து கால்மாட்டுக்கு ஒரு மாடம் செய்யலாமே என்று சில வீரர்கள் யோசனை சொல்லுவார்கள். கூடாது. அச்சுவர் பக்கத்து வீட்டாருக்கும் சுவர். பழைய லயங்களில் கல்லை மண்சாந்தில் அடுக்கிய சுவர்களும் உண்டு. ஒரு கல்லைப் பிடுங்கினால் அதன் தோழர்களும் உடன்வரக்கூடும். மேலும், 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறியபோதும், குடியிருப்பவருக்கு அந்தச் சுவர் சொந்தமாகவில்லை. கட்டில் சொந்தம், மேசை சொந்தம். மாற்றத்தை அவற்றில்தான் செய்யவேண்டும்.

மாணவ நேயர்களுக்கு இங்கே ஒரு சிறு கணக்கு. 68 அங்குல நீளமும் 36 அங்குல அகலமும் உள்ள கட்டிலில் மூலைவிட்டம் என்ன? பைதகரஸ் தேற்றப்படி 77 அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவு. நமக்கு வேண்டிய அளவே வந்துவிட்டது! "அப்படியானால் அண்ணன் கோணலாகப் படுத்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிப் பத்தியை முடித்துவிடலாம்தான். ஆனால் மனித உடல் கோடு அன்று; அதற்குத் தோள் உண்டு. தலையை மூலையில் சரியாகச் செருகினால் தோள் பக்கச் சட்டத்தில் முட்டும். தோளுக்கு இடம்விட்டுக் கீழே இறங்கினால் கிடைத்த லாபத்தில் பாதி போய்விடும். நித்திரையில் புரண்டுவிட்டால் மீதியும் போயிற்று. தேற்றத்தில் குற்றமில்லை, படுக்கைக்கு அது உதவவில்லை, அவ்வளவுதான்.

இத்தகைய நெருக்கடி நம் லயங்களுக்கு மட்டும் உரியதன்று. மேல்நாடுகளில் ஒரு கூட்டத்தார் பெரிய மோட்டார் வண்டிக்குள்ளேயே அடுப்பும் படுக்கையும் அமைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். பழைய வண்டிகளை மலிவாக வாங்குவோர் முதலில் படும் அவஸ்தை கட்டில் குட்டை என்பதே. சிறிய வண்டியில் குறுக்காகப் படுத்தால் 6 அடிகூடக் கிடைப்பதில்லை. வண்டியின் உடலைப் பிளந்து அகலப்படுத்தவும் முடியாது. அவர்கள் செய்வது என்ன? கட்டிலை ஒட்டியுள்ள அலுமாரியின் பக்கப்பலகையில், படுக்கை மட்டத்தில் ஒரு பொந்து திறக்கிறார்கள். கால் அதற்குள் போய்விடுகிறது. அலுமாரியின் மேற்பாதி முன்போலவே துணிமணிகளைத் தாங்கி நிற்கிறது. ஆகாய விமானத்தில் மிகுந்த பணம் கொடுத்துப் படுத்துக்கொண்டே பறக்கும் செல்வர்களுக்கும் இதே தந்திரந்தான். பல விமானங்களில் அவர்களுடைய பாதம் முன்னிருக்கைக்காரரின் பக்கத்துப் பலகைக்கு அடியில் உள்ள குழிக்குள் நுழைந்துகொள்கிறது. மேலே அவர் தேநீர்க் கிண்ணத்தை வைத்திருப்பார். அந்தத் தேநீர் அக்கரப்பத்தனையிலிருந்து போனதாகவும் இருக்கலாம்.

இதில் உள்ள நுட்பம் எளிது. படுத்திருப்பவனின் தலைக்கும் மார்புக்கும் மேலே வெளி வேண்டும். எழுந்து உட்காரவேண்டும், மூச்சு விடவேண்டும், புரளவேண்டும். கணுக்காலுக்குக் கீழே அந்த வெளி தேவையில்லை. நிமிர்ந்து நிற்கும் பாதம் 10 அல்லது 11 அங்குலம். கம்பளியோடு சேர்த்து 12 அல்லது 13 அங்குல உயரமும், இரு பாதமும் தாராளமாக அசைய 18 அங்குல அகலமும் இருந்தால் போதும். நம் வீட்டில் அப்படிப்பட்ட வெற்றிடம் ஒன்று காலடியிலேயே சும்மா கிடக்கிறது. மேசைக்கு அடியில்!

படத்தின்படி மேசையின் உயரம் 30 அங்குலம். பலகையின் அடிப்பக்கம் தரையிலிருந்து 29. மெத்தையின் மேற்பரப்பு 17. நடுவே 12 அங்குலம் வெளி. மேசையின் நீளம் 36; அதில் 9 அங்குலத்தை அண்ணனின் பாதத்துக்கு விட்டாலும் தங்கையின் முழங்காலுக்கு 27 அங்குலம் மிஞ்சுகிறது. நாற்காலியைச் சற்றே கதவுப் பக்கம் நகர்த்திக்கொண்டால் அவள் எழுதும் பலகையில் ஓர் அங்குலமும் குறைவதில்லை. மேசையின் மேற்புறம் முழுவதும் அவளுடையது. அடியில் ஒரு மூலை, அதுவும் இரவில் மட்டும், அண்ணனுடையது.

செய்யும் முறையைத் தச்சரிடம் காட்டும்படி சற்று விரிவாகவே எழுதுகிறோம். கால்மாட்டுப் பலகையைக் கழற்றவேண்டும். பழைய கட்டில்களில் அது இரு கால்களுக்கும் நடுவே ஆப்பிலோ ஆணியிலோ நிற்கும். உளியை வைத்து உடைக்காமல் பொறுமையாக நெம்பி எடுக்கவேண்டும். அதற்குக் கீழே இரு கால்களையும் பிணைக்கும் குறுக்குச் சட்டத்தைத் தொடவே கூடாது. கட்டிலின் பலமே அதில்தான் இருக்கிறது.

பின்பு 3 அங்குல அகலமும் ஒன்றரை அங்குலக் கனமும் உள்ள இரண்டு சட்டங்கள் வேண்டும். மலைநாட்டார் சவுக்கு என்று சொல்லும் கிரெவில்லியா மரம் போதும். நன்றாக உலர்ந்ததாக இருக்கவேண்டும். பச்சை மரத்தை வாங்கி அவசரப்பட்டுப் பூட்டினால் இரண்டே மாதத்தில் முறுக்கிக்கொண்டு மேசைக் காலை உதைக்கும். ஒவ்வொரு சட்டமும் ஏறத்தாழ 3 அடி நீளம். இவற்றைக் கட்டிலுக்கு அடியில், நீளவாட்டில், மேசைக் கால்களுக்கு இடையே நுழையும்படி 18 அங்குல அகலத்தில் வைத்து, குறுக்குச் சட்டத்தின் அடிப்பக்கத்தோடு சேர்த்துத் துளையிட்டு, போல்ட் போட்டு முடுக்கவேண்டும். உட்பக்க முனைகளை, கட்டிலின் இரு பக்கச் சட்டங்களுக்கும் நடுவே புதிதாக ஒரு குறுக்குக் கட்டை கொடுத்து அதனோடு பூட்டவேண்டும். சட்டத்தின் பெரும்பகுதி கட்டிலின் அடியில் பிடிபட்டு, 9 அங்குலம் மட்டும் வெளியே நாக்குப்போல நீண்டிருக்கும். அந்த நாக்குக்குத் தனியாகக் கால் வேண்டுவதில்லை. பாதங்களின் பாரம் சொற்பம்; மேசைக்கு அடியில் இருப்பதால் யாரும் அதன்மேல் உட்காரப்போவதும் இல்லை.

நாக்கின்மேல் சிறு கட்டைகளை வைத்து மட்டத்தை உயர்த்தி, அதன்மேல் 3 அங்குலப் பட்டைப் பலகைகளை இடைவெளி விட்டு அடிக்கவேண்டும். மட்டம் கட்டிற்பலகையைவிட ஓர் அங்குலம் தாழ்ந்தால் குற்றமில்லை. உயர்ந்தால் குதிகால் நோகும். ஓர் அங்குலம் தாழ்த்தினால் மேலே 13 அங்குல வெளி கிடைக்கும் லாபமும் உண்டு. நாக்கின் கடைசியில் ஓர் அங்குலக் கனத்தில் ஒரு தடுப்புப் பலகை நிற்கட்டும். கம்பளி நழுவித் தரையில் விழாது. அதையும் சேர்த்தே மேசைக்கு அடியில் 9 அங்குலம் என்று சொன்னோம். மேசையின் அந்தப் பக்கத்துக் கால்களுக்கு நடுவே பலகையை ஒட்டி ஒரு சட்டம் இருந்தால், அதை எடுத்துவிட்டு இரண்டு இரும்பு மூலைத்தகடுகளைத் திருகாணியால் பொருத்தலாம். கட்டிலும் மேசையும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் அண்ணன் புரளும்போதெல்லாம் தங்கையின் கையெழுத்து ஆடும். அதிலிருந்து பிறக்கும் சச்சரவைத் தீர்க்கத் தச்சரால் முடியாது.

பழைய மெத்தையை மாற்றவேண்டாம். 9 அங்குல நீளம், 18 அங்குல அகலத்தில் தும்போ இலவம்பஞ்சோ திணித்த ஒரு சிறு திண்டு தைத்து, மெத்தையின் கால்மாட்டில் சேர்த்து, இரண்டுக்கும் ஒரே உறை போட்டுவிட்டால் நடுவில் பிளவு தெரியாது. இடமுள்ள வீட்டார் கட்டிலை முழு அகலத்துக்கும் நீட்டிக்கொள்வதானால் முறை வேறு. அவர்கள் பக்கச் சட்டங்களையே புதிதாக நீளமாகப் போட்டுக்கொள்வது உத்தமம். முனையோடு முனை வைத்து ஆணியடித்து ஒட்டுப்போட்ட சட்டம் ஒரு நாள் நள்ளிரவில் நம்மைக் கீழே தள்ளும். அவர்கள் மெத்தையைக் கால்மாட்டுக்குத் தள்ளிவிட்டு, குறையும் இடத்தைத் தலைமாட்டில் திண்டு வைத்து நிரப்பவேண்டும். தலையணை அதை மறைத்துக்கொள்ளும். உடலின் பாரம் ஒட்டுவாயின்மேல் விழாது.

தச்சருக்குக் கொடுக்கவும் இயலாத குடும்பங்கள் உண்டென்பதை நாம் மறக்கவில்லை. அவர்கள் கால்மாட்டுப் பலகையை மட்டும் கழற்றிவிட்டு, பழைய றங்குப் பெட்டியைச் செங்கல்லின்மேல் ஏற்றிப் படுக்கை மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் திண்டு போட்டுக்கொள்ளலாம். மேசைக்கு அடியில் நுழையக்கூடிய சிறு பெட்டியாக இருக்கவேண்டும். பூட்டும் பிணைச்சலும் காலில் படாத பக்கமாக வைக்கவேண்டும். அழகு குறைவுதான், நித்திரைக்கு அழகு தெரியாது.

பாதத்தைப்பற்றி இவ்வளவு எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். 1999 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து நாட்டின் பாசல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கையும் காலும் கதகதப்பாக இருப்பவருக்கு நித்திரை விரைவில் வருகிறது என்பதே அது. பாதத்துக்கு இரத்தம் தாராளமாக ஓடும்போது உடலின் உள்வெப்பம் வெளியேறித் தணிகிறது. தணிந்ததும் கண் செருகுகிறது. தை மாசியில் தேயிலைக் கொழுந்தையே கருக்கும் உறைபனி விழக்கூடிய பிரதேசத்தில், கம்பளிக்கு வெளியே பாதம் நீட்டிக்கொண்டு படுப்பவனுக்கு நித்திரை எப்படி வரும்? மேசைக்கு அடியிலுள்ள பொந்து காற்றையும் தடுக்கும். நம் மாணவன் நீளத்தோடு கதகதப்பையும் பெறுகிறான். 13 வயதிலிருந்து 18 வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறங்கவேண்டும் என்று அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2016 இல் கூறியது. விடியுமுன் எழுந்து, பாடசாலைக்கு மலைப்பாதையில் நடந்துபோகும் பிள்ளைகளுக்கு 8 மணி நேரமே பெரும்பாடு. அதிலும் மணிக்கொருதரம் கால் இடித்து விழித்தால் மறுநாள் பௌதிக பாடத்தில் மனம் எப்படி நிலைக்கும்?

நித்திரை செய்பவனை மதிப்பது தமிழருக்குப் புதிதன்று. மோசிகீரனார் களைப்பு மிகுதியால், அறியாமல் முரசுகட்டிலில் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். அதற்குத் தண்டனை வாள் வெட்டு. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை வைத்துவிட்டுக் கவரி எடுத்து வீசினான். புலவர் தாமாக விழிக்கும்வரை வீசிக்கொண்டிருந்தான். அந்தக் கட்டிலின் நீளத்தைப்பற்றிப் புறநானூறு ஒன்றும் சொல்லவில்லை. புலவர் அயர்ந்து உறங்கியதைப் பார்த்தால் போதுமான நீளம் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

ஈரத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. கட்டிலின் அடியை முழுப்பலகையால் மூடிவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. மலைநாட்டில் அது மெத்தைக்கு யமன். உடலிலிருந்து இறங்கும் ஈரம் பலகையில் தங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும். அதன் நாற்றம் நெஞ்சுக்கும் ஆகாது. பட்டைப் பலகைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் மெத்தையையும் திண்டையும் இஸ்தோப்புத் திண்ணையில் நிமிர்த்தி வைக்கவேண்டும். நாக்கின் அடியில் விறகையோ பழைய கடதாசியையோ திணிக்கவேண்டாம். இடம் கண்டால் திணிக்கும் ஆசை எல்லா வீட்டிலும் உண்டு. காற்று போகும் வழியையும் அது அடைத்துவிடும்.

இப்போது தனிவீடு கட்டும் திட்டங்கள் மலைநாட்டில் நடந்துவருகின்றன. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள் என்று தொடங்கி, 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவ்வீடுகள் 550 சதுர அடி கொண்டவை. காம்பராவின் 120 உடன் ஒப்பிட்டால் அது அரண்மனைதான். ஆயினும் இன்னும் லயத்திலேயே இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. வீடு கிடைக்கும் நாளுக்காக உயர்தரப் பரீட்சை காத்திருக்காது. புதுவீடு பெறும் பாக்கியமுள்ளவர்களுக்கும் ஒன்று சொல்லுவோம்: வரைபடத்தைக் காட்டும்போது அறை எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்காதீர்கள். கதவோ சன்னலோ வெட்டாத 7 அடிச் சுவர் ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள். சதுர அடி நிறைய இருந்தும் கட்டில் போட இடமில்லாத அறைகளை நாம் கொழும்பில் போதிய அளவு பார்த்திருக்கிறோம்.

கடைசியாக, அந்தப் பாட்டியின் வருத்தம். கழற்றிய கால்மாட்டுப் பலகையை அடுப்புக்குப் போட்டுவிடுவார்களோ என்று அவர் அஞ்சுகிறாராம். அது 3 அடிப் பலகை. மேசையும் 3 அடி. பலகையை லேசாக இழைத்து, மேசையின் பின்பக்க ஓரத்தில் இரண்டு கட்டைகளை நிறுத்தி, அவற்றின்மேல் நான்கு திருகாணியால் பொருத்தினால் பேத்தியின் புத்தகங்களுக்கு ஒரு தட்டு ஆகிவிடும். மண்சாந்துச் சுவரில் ஆணி நிற்காது; ஆகையால் சுவரில் அடிக்கவேண்டாம். போல்ட்டுகளை ஒரு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை முடுக்கவேண்டும். அன்றைக்கே தட்டின் திருகாணிகளையும் பார்த்துவிடலாம்.